ஒபியெரோவுக்கு ஒதுக்கப்பட்ட சைக்கிள்

எங்கள் குடிநீர் வாரியத்தில் செத்துப்போவது அத்தனை எளிதல்ல. அதற்குப் படிவம் இருக்கிறது. நான்கு பக்கம், மூன்று பிரதி. கடைசிப் பக்கத்தில் சம்பந்தப்பட்ட ஊழியர் நேரில் வந்து, அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். மீட்டர் வாசிப்பாளர் ஒபியெரோ அதற்கு வரவில்லை. ஆகவே அவர் இரண்டு வருடமாக எங்களோடு பணியாற்றிக்கொண்டிருந்தார்.

நான் ஒலாங். ஏரிக்கரை ஊரான கிசுமுவில் அந்த வாரியத்தின் மீட்டர் பிரிவில் பதினேழு வருடம் எழுத்தராக இருந்தேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, முத்திரை வைப்பது, வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலைகள். அந்தப் பதிவேட்டில் ஒபியெரோவின் கையெழுத்து தினமும் காலை எட்டு மணிக்கு விழும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒபியெரோ செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மம்போலியோ சந்திப்பில். வாரியம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சைக்கிளில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். கரும்பு லாரி குறுக்கே திரும்பியது. சைக்கிள் நிற்கவில்லை. வண்டி வாரியச் சொத்து என்பதால் போலீஸ் அதை எங்களிடமே கொண்டுவந்து கொடுத்தது. ஸ்டோரில் ஒரு கொக்கியில் மாட்டி, 'பழுதுபார்ப்பில்' என்று அட்டை கட்டினார்கள். முன்பக்கம் சப்பையாகிவிட்டது. பின்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கம்பிகளில் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பை வந்து சிக்கிக்கொண்டது. மதியம் இரண்டு மணிக்கு ஏரிக்காற்று எழும்பும்போது சக்கரம் தானாகச் சுற்றும். டிக், டிக், டிக். ஸ்டோருக்கும் கூட்ட அறைக்கும் நடுவே ஒரே சுவர். எங்கள் கூட்டங்களெல்லாம் இரண்டு மணிக்குத்தான். அந்தச் சத்தம் கேட்டால் அதிகாரிகள் குரலை உயர்த்திப் பேசுவார்கள். யாரும் எழுந்துபோய் அந்தப் பையை எடுத்ததில்லை.

ஒபியெரோவின் பாதையை நடக்க அகெயோ வந்தாள். முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள், கணுக்கால்வரை செம்மண். பதவி காலியாக இல்லாததால் அவளை நியமிக்க முடியவில்லை. 'ஒபியெரோவுக்குப் பதிலாகச் செயல்படுபவர்' என்று உத்தரவு போட்டார்கள். பாதி சம்பளம். தினம் பதினொரு கிலோமீட்டர் நடந்து நூற்று நாற்பது மீட்டர் பார்ப்பாள். மாதக் கடைசியில் வீடுகளுக்குப் போகும் ரசீதில் மட்டும் 'வாசித்தவர்: ஒபியெரோ' என்று அச்சாகும்.

"அண்ணே, நேத்து டுங்கா பக்கம் ஒருத்தர் கேக்குறாரு, 'நீ யாரும்மா? எங்க வீட்டுக்கு ஒபியெரோதானே மாசாமாசம் வர்றாரு?'ங்குறாரு. ரசீதக் காட்டுறாரு. அவருக்கு நான்தான் போலி," என்றாள் ஒருநாள்.

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? இப்பல்லாம் நடக்குறப்ப பின்னாடி சைக்கிள் வர்ற மாதிரியே இருக்கு. ஒதுங்கி வழி விடுறேன். திரும்பிப் பாத்தா ரோடு காலியா கெடக்கு. பட்டப்பகல்ல."

எனக்கு அது அலுவலகத்துக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது.

மே மாதம் சுற்றறிக்கை வந்தது. ஜூன் முப்பதுக்குள் எல்லா வாசிப்பாளர்களும் சாலை சைக்கிள் வாங்க வேண்டும். விலையில் இருபத்திரண்டாயிரம் ஷில்லிங் வரை வாரியம் கொடுக்கும். சைக்கிள் இல்லாதவர்கள் ஜூலை முதல் தேதி பாதையிலிருந்து விடுவிக்கப்படுவார்கள். அகெயோவுக்கு வந்த கடிதம் 'அன்புள்ள ஒபியெரோ' என்று தொடங்கியது. விலை விசாரிக்கும்போது ஒரு பார்வையாளர் உடனிருக்க வேண்டும் என்று விதி. என்னை அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிபுயே சந்தைக்குப் போனோம். இங்கிலாந்திலிருந்து கண்டெய்னரில் வந்த பழைய சைக்கிள்களை வரிசையாகத் தொங்கவிட்டு, வசோங்கா என்பவர் எண்ணெய்க் கைகளோடு மண்டாசி என்ற பொரித்த பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

"எவ்வளவு வச்சிருக்க, தங்கச்சி?"

"இருபத்திரண்டாயிரம். வாரியம் தரும்."

"வாரியம் தரும்னா அது காசு இல்ல, பேச்சு. பரவால்ல, வா." முதலில் பளபளவென்று ஒரு வண்டியை இறக்கினார். "இத எல்லாரும் கேப்பாங்க. தடி டயரு, முன்னாடி ஷாக்கு. ஆனா நீ மிதிக்கிறதுல பாதிய அந்த ஷாக்கு தின்னுடும். இந்த விலைக்குக் கிடைக்கிற ஷாக்கு வெறும் இரும்புப் பாரம். இதுல தினம் பதினோரு கிலோமீட்டர் போனா, ஒரு மாசத்துல சைக்கிள வித்துட்டு மறுபடி நடக்க ஆரம்பிச்சுடுவ."

அடுத்தது ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் வண்டி. அகெயோ ஏறி ஒரு சுற்று போனாள். முதுகு வில்லாக வளைந்துவிட்டது. முன்சக்கரத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. தக்காளிக் கூடைக்காரி கத்திய பிறகுதான் பிரேக்கைத் தேடினாள். விரல் எட்டவில்லை. காலைத் தேய்த்து நிறுத்தினாள்.

"வேகம் நல்லா இருக்கு. நாய் தொரத்துனா தப்பிச்சுடுவேன். சுவத்துல மோதித்தான் தப்பிக்கணும்," என்று இறங்கினாள்.

வசோங்கா சிரித்துவிட்டு உள்ளேயிருந்து மூன்றாவதை எடுத்தார். சாம்பல் நிறம், மெல்லிய சக்கரம், தூக்கினால் ஒரு கையில் வரும் எடை. ஹேண்டில் குறுக்கே நேராக, ஒரு துடைப்பக் கட்டை மாதிரி.

"இதுவும் ரோட்டு வண்டிதான். அதே ஃப்ரேம், அதே சக்கரம், ஹேண்டில் மட்டும் நேரு. ரேஸ் பைத்தியம் புடிச்சவன் இதச் சீண்ட மாட்டான். மலை வண்டி கேக்குறவனும் சீண்ட மாட்டான். அதனாலதான் உனக்குக் கட்டுப்படியாகுது." நாணயத்தால் ஃப்ரேமைத் தட்டிக் காட்டினார். "சத்தம் கேளு. விரிசல் இல்ல. ரிம்மைத் தடவிப் பாரு, குழி விழல. முன்னாடி ஒரே பல்சக்கரம், பின்னாடி எட்டு. கெட்டுப்போக சாமான் கம்மி. மழைக்காலத்துல இன்னும் கொஞ்சம் தடிச்ச டயரு போட எடம் இருக்கு, மட்கார்டு மாட்ட ஓட்டை இருக்கு. பத்தொம்பதாயிரத்து ஐநூறு. ஓட்டிப் பாக்குறப்ப ஓடுதான்னு பாக்காத. எந்த வண்டியும் ஓடும். நிக்குதான்னு பாரு."

அவள் சந்தையைச் சுற்றிவந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. ஆடு, கூடை, மனிதர்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் முன்னால் வந்து சத்தமில்லாமல் நின்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வசோங்கா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "குடிநீர் வாரியம்னீங்களே, உங்காளு ஒருத்தர் இதே மாதிரி நேரு ஹேண்டில் கேட்டு மூணு தடவ வந்து போனாரு. குட்டையா இருப்பாரு. ஒபியெரோன்னு பேரு. ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்கன்னு சொன்னாரு. இப்ப எப்படி இருக்காரு?"

அகெயோ என்னைப் பார்த்தாள்.

"பணியில் இருக்கிறார்," என்றேன். என் வாயிலிருந்து அது எழுத்தில் வருவது போலவே வந்தது.

வாகனத் தெரிவு மற்றும் தோரணைக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதனால்தான் பாரபட்சமில்லாமல் தீர்மானிக்க முடிகிறது என்று தலைவர் அக்வாண்டா அடிக்கடி சொல்வார். அவர் எங்கள் பிரிவின் தலைவரும்கூட. ஒன்பது ஊழியர்கள் உள்ள பிரிவின் தலைவருக்கு டிரைவரோடு கார் உண்டு. எட்டுப் பேர் என்றால் கிடையாது. ஒபியெரோவைச் சேர்த்து நாங்கள் ஒன்பது பேர்.

அகெயோ வசோங்காவின் விலைச்சீட்டையும் சைக்கிளின் படத்தையும் மேசையில் வைத்தாள். அக்வாண்டா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"சைக்கிள் ஐயா."

"அது தெரியுது. ஹேண்டில் எங்க?"

"இதோ ஐயா, நேரா இருக்கே."

"அதத்தான் கேக்குறேன். வளையிற எடம் எங்க?"

சுவருக்கு அப்பால் டிக் டிக் தொடங்கியது. அக்வாண்டா குரலை உயர்த்தினார்.

"இந்தக் குழு பெல்ஜியத்துக்குப் போய் பதினோரு நாள் ஆராய்ச்சி பண்ணிட்டு வந்திருக்கு. நான் ஓட்டல் ஜன்னல்லேருந்து என் கண்ணால பாத்தேன். அங்க சைக்கிள்ல போறவங்க அத்தனை பேரும் குனிஞ்சுதான் போறாங்க. அதான் முன்னேற்றம். நேர் ஹேண்டில் பிடிச்சவன் என்ன பண்றான்? நிமிர்ந்து ஜனங்க மூஞ்சியப் பாக்குறான். மூஞ்சியப் பாத்தா அவங்க புகார் சொல்றாங்க, தண்ணி வரலைங்குறாங்க. குனிஞ்சு போறவன்கிட்ட யாரும் எதுவும் சொல்ல முடியாது. மீட்டர் எங்க இருக்கு? தரையில. அப்ப ஊழியர் எங்க பாக்கணும்?"

"தரையைத்தான்," என்றார்கள் நான்கு உறுப்பினர்களும்.

"ஐயா, கொம்பு ஹேண்டில்ல எனக்கு பிரேக் எட்டல," என்றாள் அகெயோ.

படிவ அலுவலர் ஃபெலிஸ்டஸ் அம்மையார் கோப்பைப் புரட்டினார். "எட்டும். விண்ணப்பதாரர் கை எழுபத்தி நாலு சென்டிமீட்டர். குழு அளந்திருக்கு. ஓய்வு பெறுற வரைக்கும் அது செல்லும்."

"என் கை அறுபத்திரண்டுதாம்மா."

"உங்க கைய யாரு கேட்டா? விண்ணப்பதாரர் ஒபியெரோ."

"அவரு செத்துட்டாரும்மா!"

டிக், டிக். ஃபெலிஸ்டஸ் வருகைப் பதிவேட்டை விரித்து, விரல் வைத்துப் படித்தார். "இன்னிக்குக் காலையில எட்டு மணி ரெண்டு நிமிஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்காரு."

நான் குனிந்து எழுதினேன்: 'ஊழியர் ஒபியெரோவின் உடல்நிலை குறித்து ஒரு கருத்து எழுப்பப்பட்டது. பதிவேட்டின் அடிப்படையில் அது நிராகரிக்கப்பட்டது.' என் விரலில் காலை எட்டு மணி மை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நேர் ஹேண்டில் வேண்டுமென்றால் ஒபியெரோவே வந்து காரணம் சொல்லட்டும் என்று முடிவானது. விசாரணை ஜூன் இருபத்தெட்டு. சம்மனை நேரில் சேர்க்கும் பொறுப்பு எனக்கு.

மறுநாள் அகெயோவும் என்னோடு வந்தாள். கஜுலு மலையடிவாரத்தில் ஒபியெரோவின் வீடு. அவர் மனைவி பெர்பெட்டுவா முற்றத்தில் தையல் மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். சம்மனை வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்தார். நான் அடி வாங்கத் தயாராக இருந்தேன்.

"நேர்ல குடுக்கணும்னு போட்டிருக்கே. வாங்க, பின்னாடிதான் இருக்காரு."

வீட்டின் பின்னால் சிமெண்டு பூசிய கல்லறை. பெர்பெட்டுவா ஒதுங்கி நின்று கை காட்டினார். நான் என்ன செய்ய? குனிந்து சம்மனை வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் வைத்தேன். பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பதினொன்று இருபது.

தேநீர் கொடுத்தார்.

"அந்தப் படிவத்துக்காக நான் பன்னண்டு தடவ உங்க ஆபீசுக்கு வந்தேன். சாவு சர்டிபிகேட்டக் காட்டினேன். அந்தப் படிவக்கார அம்மா ரிஜிஸ்டரப் பாத்துட்டு, 'உங்க வீட்டுக்காரர் இப்பத்தான் டீ குடிக்கப் போனார், உக்காருங்க'ன்னாங்க. ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னாங்க. ஆறாவது தடவ உக்காந்தேன். சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்தாலும் வந்துடுவாருன்னு தோணிடுச்சு. புதைச்ச எடத்துல பீன்ஸ் காயப் போட்டுட்டு வந்தவ நான். எனக்கே தோணிடுச்சு பாருங்க."

"பென்ஷன் எதுவும் வரலியா அக்கா?" என்றாள் அகெயோ.

"வேலையில இருக்குறவருக்கு என்ன பென்ஷன்? சம்பளம் கேட்டேன். நேர்ல வந்து வாங்கிக்கச் சொன்னாங்க."

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து மூன்று தாள்களைக் கொண்டுவந்தார். மூன்றும் ஒபியெரோ எழுதிய விண்ணப்பங்களின் நகல். 'ஐயா, வளைந்த ஹேண்டிலில் எனக்கு பிரேக் எட்டவில்லை. இறக்கத்தில் பயமாக இருக்கிறது. கிபுயே சந்தையில் நேர் ஹேண்டில் வண்டி குறைந்த விலையில் இருக்கிறது. மாற்றித் தர வேண்டுகிறேன்.' மூன்றிலும் ஓரத்தில் ஒரே பதில்: 'குழு அளந்துள்ளது. எட்டும்.'

அந்தக் கையெழுத்து என்னுடையது.

"யாரு அளந்தது?" என்று அகெயோ கேட்டாள். தாளைத்தான் கேட்டாள். நான்தான் பதில் சொன்னேன்.

"அளந்த அன்னிக்கு ஒபியெரோ ரோட்டுல இருந்தாரு. அவரைக் கூப்பிட நேரமில்லைன்னு தலைவர் தன் கைய நீட்டினாரு. டேப்பைப் பிடிச்சது நான். எழுபத்தி நாலு."

தையல் மெஷினின் சக்கரத்தில் பெர்பெட்டுவாவின் கை அப்படியே இருந்தது. "ரிஜிஸ்டர்ல கையெழுத்து?" என்றார்.

"அதுவும் நான்தான். ஒன்பது பேர் இருந்தாத்தான் தலைவருக்குக் கார். போடச் சொன்னாங்க. போட்டேன்."

திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. "அவரு 'ஒ' போடுறப்ப கீழ ஒரு சுழி வரும். அதையும் போடுறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக, ஒவ்வொரு நாளும்.

திரும்பி வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் அகெயோ, "அண்ணே, அந்த நாலு பக்கப் படிவம் ஒண்ணு எனக்கு வேணும். மூணு பிரதி," என்றாள். கொடுத்தேன்.

ஜூன் இருபத்தெட்டு, மதியம் இரண்டு மணி. ஒபியெரோவின் நாற்காலியைக் கூட்ட அறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பியூன் வாசலில் நின்று மூன்று முறை அவர் பெயரைக் கூவினான். மூன்றாவது முறை அவன் குரல் நடுங்கியது. 'ஆஜராகவில்லை' என்று எழுதப்போனேன். ஃபெலிஸ்டஸ் தடுத்தார்.

"அப்படி எழுத முடியாது. காலையில ஆபீசுக்கு வந்திருக்காரே. 'ஆஜர், மௌனம்'னு எழுதுங்க."

எழுதினேன். காற்று அன்று பலமாக இருந்தது. டிக் டிக் டிக் டிக் என்று விடாமல் கேட்டது.

அக்வாண்டா நாற்காலியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "திரு. ஒபியெரோ, நேர் ஹேண்டில் வேணும்னு உங்க சார்புல கேக்குறாங்க. காரணம் இருந்தா சொல்லலாம்." காத்திருந்தார். எல்லோரும் நாற்காலியையே பார்த்தோம். சத்தம் வேகமெடுத்தது, இறக்கத்தில் மிதிக்காமல் வரும் சைக்கிளைப் போல.

"ஜன்னலச் சாத்துங்கப்பா."

"சாத்தித்தான் இருக்கு ஐயா," என்றான் பியூன்.

அக்வாண்டா நெற்றியைத் துடைத்தார். "காரணம் எதுவும் சொல்லப்படல. நேர் ஹேண்டில் தள்ளுபடி. வளைஞ்ச ஹேண்டில் வண்டி ஒண்ண வாரியமே வாங்கி வச்சாச்சு, இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம். அம்மா அகெயோ, பெற்றுக்கொண்டேன்னு இதுல கையெழுத்துப் போடுங்க. போடலைன்னா திங்கக்கிழமை நீங்க பாதையில இல்ல."

"என் பேர்லயா ஐயா?"

"ஒபியெரோ பேர்ல. நீங்க அவருக்குப் பதிலாச் செயல்படுறவங்க. விதி பதினாலு."

"நான் போட்டா அவரு போட்ட மாதிரியா?"

"அதேதான். உங்க கையெழுத்து அவரோட கையெழுத்து. எல்லாக் காரியத்துக்கும் செல்லும்."

"எல்லாக் காரியத்துக்குமா?"

அக்வாண்டாவுக்குக் கோபம் வந்தது. "எத்தன தடவ சொல்றது? எல்லாத்துக்கும்! ஒலாங், எழுதிக்க."

எழுதினேன். வழக்கமாகக் கூட்டம் முடிந்துதான் முத்திரை வைப்பேன். அன்று அந்த வரி காய்வதற்குள்ளேயே வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு அகெயோ நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பையிலிருந்து படிவத்தை எடுத்து, ஒபியெரோவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி, மூன்று பிரதியிலும் கையெழுத்திட்டாள். பிரிவுக்கான காரணம் என்ற இடத்தில் 'மரணம்' என்று எழுதினாள். தேதி, இரண்டு வருடத்துக்கு முந்திய அந்தச் செவ்வாய்க்கிழமை. இடம், மம்போலியோ சந்திப்பு.

"ஊழியரே நேர்ல வந்து, அதிகாரி முன்னால போட்டாச்சு," என்று ஃபெலிஸ்டஸ் முன் வைத்தாள்.

ஃபெலிஸ்டஸ் நான்கு பக்கத்தையும் புரட்டினார். வாழ்நாள் முழுக்கப் படிவம் பார்த்தவர். உதடு அசைய விதி பதினாலைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "சரியா இருக்கு ஐயா. ஒரு கட்டம்கூட விடல," என்றார். குரலில் ஒரு மரியாதைகூடத் தெரிந்தது.

"எப்படிச் சரியா இருக்கும்?" அக்வாண்டா மேசையைத் தட்டினார். "காலையில கையெழுத்துப் போட்ட மனுஷன் எப்படி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செத்திருப்பான்? ரிஜிஸ்டர் பொய் சொல்லுமா?"

"சொல்லும் ஐயா," என்றேன். எழுந்து நின்றேன் என்பது பிறகுதான் தெரிந்தது. "ஒவ்வொரு நாளும் அதப் போட்டது நான். நீங்க போடச் சொன்னீங்க. அளந்தது உங்க கைய."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அகெயோ மட்டும் பார்த்தாள். "ஐயா, இப்ப நான் யாருக்குப் பதிலாவும் இல்ல. வர்றேன்," என்று அக்வாண்டாவிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வேலை போய்விட்டது என்பது உள்ளே வரும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் நேராக ஸ்டோருக்குப் போனேன். அந்தப் பிளாஸ்டிக் பையைக் கம்பிகளிலிருந்து பிய்த்து எடுத்தேன். ரொம்ப நாள் ஆனதால் கையில் பொடியாக உதிர்ந்தது. சக்கரம் மெல்ல ஓய்ந்தது. அதற்குப் பிறகான அமைதியில்தான் எனக்கு அழுகை வந்தது.

வாரியம் தன் கடமையைச் செய்தது. அடுத்த வாரம் கஜுலுவுக்கு மலர்வளையத்தோடு போய், கல்லறை முன் அக்வாண்டா இரங்கல் உரை நிகழ்த்தினார். "ஒபியெரோ ஒரு முன்மாதிரி. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்ல," என்று சொன்னபோது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. காரை இழக்கப்போகிறவர் அல்லவா என்று நினைத்தேன். அதுவும் தப்பு. விபத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டதற்காக அவருக்குப் பதவி உயர்வு வந்தது. இனி நேர் ஹேண்டில் மட்டுமே அனுமதிக்கப்படும் என்று சுற்றறிக்கை விட்டார். ஹேண்டில் எத்தனை நேராக இருக்க வேண்டும் என்று ஆராயக் குழு பதினான்கு நாள் ஹாலந்துக்குப் போயிருக்கிறது. காலியான பதவிக்கு அகெயோ விண்ணப்பித்தாள். முன் அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பாதையின் இரண்டு வருட வாசிப்பும் ஒபியெரோவின் கணக்கில் அல்லவா இருக்கிறது. என்னை ஊருக்கு வெளியே பம்ப் நிலையத்துக்கு மாற்றினார்கள். இங்கே பதிவேடு கிடையாது. இரவில் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொன்னால் அது பொய்.

அகெயோ கூரைத் தகட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் வசோங்காவிடம் அந்தச் சாம்பல் சைக்கிளை வாங்கினாள். அவர் பதினாறாயிரத்துக்குக் கொடுத்தார். பின்னால் ஒரு கூடை கட்டி, டுங்கா கரையிலிருந்து காலையில் உணவகங்களுக்கு மீன் கொண்டுபோகிறாள். வாரியத்தில் கிடைத்த பாதி சம்பளத்தைவிட இது அதிகம் என்கிறாள். பின்னால் யாரோ வருவது போல் இன்னும் சில நாள் தோன்றுமாம். இப்போதெல்லாம் வழி விடாமல் கூடவே போகிறாளாம்.

பெர்பெட்டுவாவுக்குப் பணம் வர எட்டு மாதமானது. வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் இருவரையும் ஏரிக்கரைப் புல்வெளிக்கு வரச் சொன்னார். என்னை ஏன் சேர்த்தார் என்று தெரியவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை.

"உன் சைக்கிள நான் ஓட்டிப் பாக்கணும்," என்றார் அகெயோவிடம்.

"ஓட்டத் தெரியுமா அக்கா?"

"தெரியாது. பிடிச்சுக்க."

நாற்பத்தாறு வயது. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். அகெயோ சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் மறுபக்கம் ஓடினேன். நான்கு முறை விழப்பார்த்தார். ஐந்தாவது முறை நாங்கள் கையை எடுத்துவிட்டோம். அவருக்கு அது தெரியவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி, தண்ணீரை நோக்கி இறங்கும் சரிவில் போய்க்கொண்டிருந்தார். சக்கரம் வேகமெடுத்தது.

"நிறுத்துறது எப்படிடீ?" என்று கத்தினார்.

"ரெண்டு விரலால இழுங்க அக்கா! ரெண்டு விரல் போதும்!"

சைக்கிள் நின்றது. சத்தமே இல்லாமல், தண்ணீருக்குப் பத்தடி முன்னால். பெர்பெட்டுவா இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றார். நாங்கள் மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்ந்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. பிரேக்கின் மேல் இருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டார். மறுபடி இழுத்தார். மறுபடி விட்டார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்.